தொட்டியும் தோட்டமும்: மரத்தடிக்கு ஒரு காட்டுப் புதினா

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி ஒரே புலம்பல்தான்: "வெயிலே படாத இடம், எதை வைத்தாலும் வளரவில்லை." சிங்கப்பூரில் தாம்சன் ரோடு பக்கம் ஒரு நர்சரியில் முப்பத்தொரு வருஷம் தொட்டி தூக்கி, தண்ணீர் ஊற்றி, கடைசியில் கல்லாவிலும் உட்கார்ந்தவன் நான். அங்கேயும் தினம் இதே கேள்வி வரும். அப்போதெல்லாம் முதலாளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி பிளான்ட்டை எடுத்து நீட்டிவிடுவோம். இப்போது முதலாளி இல்லை, உள்ளதைச் சொல்லலாம்.

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்புறம் மேப்பிள் மரத்தடியில் புதினா மாதிரி ஒரு செடி. முழங்காலுக்கு மேல் உயரம், தண்டெல்லாம் பூனைமுடி, மாடி மாடியாக வெளிர் ஊதாப் பூ. ஜூலையில் தேனீ மொய்த்தது. 'ஹேரி வுட்மின்ட்', இந்த ஊர்க் காட்டுச் செடி என்றாள் மகள். எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் தோட்டத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பாத்தி சும்மா கிடக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு செடி கொண்டு வந்து நடலாமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது அருமையான செடி. தாவரப் பெயர் பிளெஃபிலியா ஹிர்சுட்டா. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் மரநிழலில் தானாக வளர்வது. பூக்கொத்துக்கு அடியில் இருக்கும் சிற்றிலைகளின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் கண்ணிமை மாதிரி மயிர் தெரியும். கிரேக்கத்தில் இமைமயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. களை என்று பிடுங்காமல் விட்டுவைத்த உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

ஆனால் இங்கே வேண்டாம். அந்தச் செடிக்கு வருஷக் கணக்கே பனியை வைத்துத்தான் ஓடுகிறது. குளிர் வந்தால் தண்டெல்லாம் காய்ந்துபோகும். உயிரை அடியில் பிடித்துவைத்துக்கொண்டு, வசந்தத்தில் திரும்ப எழும். நமக்கோ விடியற்காலையிலும் 24, 25 டிகிரி. அந்த ஊர் நிழலும் நம் நிழல் இல்லை. மேப்பிள் மரம் வசந்தம் பிறக்கும்வரை மொட்டையாக நிற்கும். அது இலைவிட்டு மூடுவதற்குள் கீழே இருக்கும் செடி வேண்டிய வெயிலைக் குடித்துவிடும். நம் தூங்குமூஞ்சியோ ஏறக்குறைய வருஷம் முழுக்கக் குடை பிடிக்கிறது. போதாததற்கு, செடியை மண்ணோடு கொண்டுவர அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். இவ்வளவு அலைந்து ஒரு செடியைச் சாகடிப்பானேன்?

நிழலில் மாடி மாடியாகப் பூ, அதைச் சுற்றித் தேனீ. இந்தக் காட்சிதான் உங்களுக்கு வேண்டும் என்றால், அந்தச் செடியின் உறவுக்காரர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், எல்லாம் புதினாக் குடும்பம். புதினாத் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, நாலு பட்டையாகத் தட்டித் தட்டித் திரும்பும். இலைகள் எதிரெதிர் ஜோடியாக இருக்கும், ஒரு ஜோடிக்கு அடுத்தது குறுக்காக. துளசி, கற்பூரவல்லி, தும்பை எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். தேக்கு மரம்கூட இதே குடும்பம், நம்பினால் நம்புங்கள். (லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காச் சந்தைக்கும் தேக்குக்கும் சம்பந்தம் இல்லை. அது சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் 'சின்ன மூங்கிலின் அடி'. கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லப்போய் அரைமணி நேரம் வாக்குவாதம்.)

உங்கள் பாத்திக்கு நான் முதலில் சொல்வது பூனை மீசை. மலாய்க்காரர்களும் 'மிசாய் கூச்சிங்' என்று அதையேதான் சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வரை இயல்பாக வளரும் செடி. வெள்ளையிலும் வெளிர் ஊதாவிலும் கிடைக்கும். கதிர் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகத் திறக்கும். ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தக் காம்புகள் பூவையே தாண்டி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மீசை அதுதான். காலை ஒன்பது மணிக்கு அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். கறுப்பு வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வரும். மற்றத் தேனீ மாதிரி இழைந்து வராது. நிற்கும், சட்டென்று நகரும், மறுபடி அந்தரத்தில் நிற்கும். பூவைத் தொடுமுன்னரே நாக்கை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு வரும். இதுதான் நீலப்பட்டைத் தேனீ. பெரிய கருவண்டு மாதிரி இருக்கும் தச்சுத் தேனீ உட்கார்ந்தால் கதிரே வளைந்து ஆடும். தேன்சிட்டும் வரும், ஆனால் உங்களைப் பார்த்தால் கத்திவிட்டுப் போய்விடும்.

நிழல் என்றால் எவ்வளவு நிழல்? மதியம் பாத்தியில் போய் நின்று கையை இடுப்பளவில் நீட்டிப் பாருங்கள். தரையில் கையின் நிழல் மங்கலாகவாவது தெரிந்தால் பூனை மீசை பூக்கும். நிழலே விழவில்லை என்றால் இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு நிற்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் இது பெரும்பாலும் தெரியும். அதன் சிற்றிலைகளின் இடுக்கு வழியே வெளிச்சம் இறங்கும். பொழுது சாயும்போதும் மழை கட்டும்போதும் இலையை மடக்கிக்கொள்வதால் மழையும் இறங்கும். அந்த மரத்துக்கு மலாயில் 'புக்குல் லீமா', அதாவது அஞ்சு மணி, என்று பேர் வைத்தவர் நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்.

வேர்தான் சங்கடம். மேலோட்டமாகவே ஓடும், நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பாதியை மரம் குடித்துவிடும். அதற்காக வேரை வெட்டவும் வேண்டாம், அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கவும் வேண்டாம். மண் குவிந்தால் பட்டை அழுகும். பெரிய தொட்டிகளைப் பாத்தி மேல் வரிசையாக வைத்துவிடுங்கள். தோட்ட மண் ஒரு பங்கு, கம்போஸ்ட் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் அரைப் பங்கு. செடியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. யார் தோட்டத்திலாவது பூக்காத தண்டு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்குக் கேட்டு வாங்கி, அடியிலை இரண்டு ஜோடியைக் கிள்ளிவிட்டு, ஈரமண்ணில் சொருகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். பூத்து முடிந்த கதிர்களில் பாதியை மட்டும் வெட்டுங்கள். ஏன் பாதி என்பது அடுத்த கடிதத்துக்கான பதிலில் இருக்கிறது.

துணைக்கு இரண்டு பேர். கோலியஸ்: இலை அழகுக்காக எல்லாரும் வாங்குவார்கள், பூ வந்தால் கிள்ளிப் போடுவார்கள். நர்சரியில் நாங்களே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம், தப்பு. பாதிச் செடியையாவது பூக்க விடுங்கள். அந்த நீலக் கதிரைத் தேனீ விடாது. இன்னொன்று பகோடாப் பூ. கேரளத்துக்காரர்கள் கிருஷ்ண கிரீடம் என்பார்கள். (கடையில் பகோடா என்று சொன்னால் 'சூடாகக் கிடைக்குமா' என்று கேட்காத தமிழர் இல்லை.) ஆள் உயரத்துக்குப் போகும், செம்மஞ்சள் பூ கோபுரம் மாதிரி அடுக்கி நிற்கும். அதுவும் இதே குடும்பம், நிழலுக்கும் அஞ்சாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி, கிரேட் மோர்மன், சிறகடித்துக்கொண்டே அதில் தேன் குடிப்பதைப் பார்க்கலாம். வேரிலிருந்து குட்டி போட்டுக்கொண்டே போகும் செடி, அதனால் தொட்டியைவிட்டு இறக்காதீர்கள்.

நடுமுன் தோட்டத்துப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் பாத்திக்கும் யாரோ ஒருவர் மனதில் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருப்பார்.

கேள்வி: பூனை மீசைச் செடியின் காய்ந்த குச்சியில் தினமும் சாயங்காலம் ஐந்தாறு தேனீக்கள் வாயால் கடித்தபடி தொங்குகின்றன. தொட்டால்கூட அசையவில்லை. நோய் வந்து சாகின்றனவா? பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பயந்துபோய்ப் பூச்சிமருந்து டப்பாவையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.
– வாசகர், ஈசூன்

பதில்: அடித்துவிடாதீர்கள் தம்பி. அவை சாகவில்லை, தூங்குகின்றன. மேலே சொன்ன நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள்தான் அவை. இந்த இனத்துக்குக் கூடு, ராணி, சேனை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் மண்ணில் தனியாக வளை தோண்டி முட்டை வைக்கும். ஆணுக்கு வீடு இல்லை. பொழுது சாய்ந்தால் மெல்லிய காய்ந்த குச்சியாகப் பார்த்துக் கவ்வி, காலை மடக்கிக்கொண்டு விடியும்வரை அப்படியே கிடக்கும்.

தோ பாயோவில் எங்கள் தோட்டத்தில் ஆறே முக்காலுக்கு வர ஆரம்பிக்கும். முதலில் வந்தது நுனியைப் பிடிக்கும். அடுத்தது வந்து அதை இடித்துப் பார்க்கும், அது நகராது, சரி என்று கொஞ்சம் கீழே இறங்கும். கால் மணி நேரம் இந்த இடிபாடு நடக்கும். அப்புறம் ஒரே குச்சியில் ஆறு பேர், கொடியில் கிளிப் போட்ட மாதிரி. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடும், ஒன்றும் விழிக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனை காய்ந்த குச்சிகளையும் நறுக்கித் தள்ளிவிட்டேன். தோட்டத்தில் எல்லாரும் 'இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது' என்றார்கள். அன்று சாயங்காலம் தேனீக்கள் வந்து, குச்சி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தன. இருட்டும்வரை நின்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒரு மூங்கில் கழியை நட்டேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தடிமன் சரியில்லை போலிருக்கிறது என்று சாத்தே இறைச்சி குத்தும் மெல்லிய குச்சிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நாலைந்து நாள் கழித்து இரண்டு மட்டும் வந்து கவ்வின. மீதி எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து பூத்து முடிந்த கதிரில் பாதியை வெட்டுவேன், பாதியை விட்டுவிடுவேன்.

கொட்டுமா என்று பாட்டி கேட்பார். ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, ஆனால் காக்க வேண்டிய கூடு இல்லாததால் சும்மா துரத்திவந்து கொட்டாது. கையில் பிடித்து நசுக்கினால்தான் வம்பு. வார்த்தையில் சொல்வதைவிட, ஏழேகால் மணிக்கு அவரைக் கூட்டிவந்து டார்ச் அடித்துக் காட்டிவிடுங்கள். எங்கள் புளோக்கில் இதே மாதிரி பயந்த ஒரு மலாய் அக்கா இப்போது பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார். மரக்கிளையில் கூடு கட்டி ஆயிரக்கணக்கில் மொய்க்கும் தேனீ வேறு சமாசாரம். அதைக் கண்டால் கிட்டே போகாமல் நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் கத்தரி இருக்கிறதா? கத்தரிப் பூவின் மகரந்தம் உப்புச் சாடி மாதிரி நுனியில் துளை உள்ள பைகளில் இருக்கும், குலுக்கினால்தான் கொட்டும். கூட்டில் வாழும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். கிட்டே நின்றால் கைப்பேசி மேஜைமேல் அதிர்வது மாதிரிக் கேட்கும். மகரந்தம் கொட்டிவிடும். அதனால் நிழலில் பூனை மீசை, பத்தடி தள்ளி வெயிலில் கத்தரி என்று வையுங்கள். அந்தப் பெண் தேனீக்கு வளை தோண்ட, மழை அடிக்காத ஓரமாக ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல், மூடாமல் விட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: தேக்காவில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து தண்டை நட்டேன். வீட்டு வாசலை ஒட்டி வடக்குப் பார்த்த பொதுக் காரிடார். நீளமாக, வெளுத்துப்போய்ப் படர்கிறது. இரண்டு வருஷமாக ஒரு பூகூட இல்லை. தேனீ வரட்டும் என்றுதான் வைத்தேன்.
– வாசகி, செங்காங்

பதில்: தேனீக்காக என்றால் புதினாவை மறந்துவிடுங்கள். புதினா பூப்பதற்கு நீண்ட பகல் வேண்டும். கோடையில் பதினைந்து, பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும் ஊர்களில் அது தானாகப் பூக்கும். நாம் பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை, வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல்தான். உங்கள் கைராசியில் குற்றமில்லை. சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பூக்காமல் இருப்பதே நல்லது.

வெளுத்துப் படர்வதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. வடக்குப் பார்த்த காரிடாருக்கு ஒரு கணக்கு உண்டு. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், ஜூனில்தான் அதிகமாகச் சாயும். அந்த மாதங்களில் உங்கள் சுவரோரம் கொஞ்சம் வெயில் விழும், மீதி மாதங்களில் விழாது. தெற்குப் பார்த்தவர்களுக்கு இது தலைகீழ், டிசம்பரில்தான் வெயில். அதனால் அக்டோபர் பிறந்ததும் தொட்டியைச் சமையலறை ஜன்னல் பக்கம் மாற்றி, தண்டை இரண்டு விரற்கடை விட்டு ஒட்ட நறுக்குங்கள். புதிதாகக் குட்டையாகத் துளிர்க்கும்.

அந்தக் காரிடாரில் தேனீக்கு வேறு வேண்டும் என்றால், வெயில் மாதங்களில் துளசி வையுங்கள். என் வீட்டுக்காரி துளசியில் பூக்கதிர் வந்தவுடன் கிள்ளிவிடுவாள், பூக்கவிட்டால் செடி முற்றிவிடும் என்று. அவள் சொல்வது சரிதான். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு தொட்டி: சாமிக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று. இதுவரை சண்டை இல்லை.

கேள்வி: பூனை மீசை இலையில் தேநீர் போட்டுக் குடித்தால் சிறுநீரகக் கல் கரையும் என்கிறார்களே, தினமும் குடிக்கலாமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: நான் செடிக்காரன், வைத்தியன் இல்லை. பாட்டி காலத்திலிருந்தே குடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நீங்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்கும் வேண்டாம். பூவைத் தேனீக்கு விடுங்கள், கேள்வியை டாக்டரிடம் விடுங்கள்.

கேள்வி: நிழலில் ஈரம் காயாது, கொசு வரும் என்று கணவர் தொட்டிகளையே எடுக்கச் சொல்கிறார். காரிடாரில் வைப்பதற்கு விதி ஏதும் உண்டா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. காரிடாரில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி எப்போதும் இருக்க வேண்டும், அது தீப்பாதுகாப்புக்கான விதி. டேப் வைத்து அளந்து, தொட்டியின் அடியை மட்டுமல்ல, வெளியே சாயும் கிளையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கொசுவுக்கு: தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண் இறுகினால் மேலே தண்ணீர் தேங்கும், வாரம் ஒருமுறை ஒரு பழைய ஃபோர்க்கால் கிளறிவிடுங்கள். தண்டை வேர்விடச் செய்யக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஈரமண்ணில் சொருகச் சொன்னது அதற்காகத்தான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். நர்சரியை விட்டு வந்த முதல் வருஷம், சோதனைக்கு வந்த அதிகாரி என் கோலியஸ் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்து, "அங்கிள், இதைப் பாருங்கள்" என்றார். தட்டில் நாலு கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குப் புத்தி சொன்னவன், வாயைத் திறக்காமல் அபராதம் கட்டினேன். அன்றே பதினொரு தட்டுகளையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றிவைத்தேன். தட்டில்லாமல் ஒரு செடியும் சாகவில்லை.